காப்பு கட்டின ஊரில் ஒரு லாரி

சிங்காரத்தின் வாயைப் பற்றி ஆலங்காயத்தில் தெரியாத ஆள் கிடையாது. அவன் ஓட்டுகிற லாரிக்கு ஹாரன் எதற்கு, அவன் வாயே போதுமே என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் காதுபடச் சொல்ல மாட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் டிரைவர் என்றால் டிரைவர்தான், அதில் குற்றம் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். எட்டு வருஷமாக ஜவ்வாது மலைக்குச் சிமெண்டும் கம்பியும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போகிறான். அந்தக் கொண்டையூசி வளைவுகளில் ஒரு நாள்கூட வண்டியை உரசியதில்லை. உரசியதெல்லாம் மனுஷர்களைத்தான்.

அதிலும் மலைக்காரர்கள் என்றால் அவனுக்கு அப்படி ஓர் இளக்காரம். சுமையோடு நடக்கிறவர்கள் வழியில் கை காட்டினால் நிறுத்த மாட்டான். நிறுத்தாமல் போனாலாவது பரவாயில்லை, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு வசவையும் வைத்துவிட்டுப் போவான். என்னத்துக்கு அந்த வசவு, அவர்கள் இவன் சொத்தையா கேட்டார்கள் என்றால் அவனுக்கே பதில் தெரியாது. பழக்கம். வெற்றிலை போடுகிறவனுக்கு எச்சில் துப்புகிற மாதிரி.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாசத்துச் செவ்வாய்க்கிழமை காலை, அவன் சட்டைப்பையில் ஓர் அட்டை இருந்தது. கவர்மெண்டு பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கிறார்கள். மறுநாள் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வேலூருக்கு வந்து வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று வந்த அட்டை. வயது வரம்பு முப்பத்தைந்து. ஆவணி பிறந்தால் சிங்காரத்துக்கு முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் லாரியும் அடுத்தவன் ஏச்சும்தான். அவன் பெண்டாட்டி பூங்கோதை அந்த அட்டையை மூன்று நாள் சாமி படத்தடியில் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தாள். மாசம் பிறந்தால் சம்பளம், வயசானால் பென்ஷன், காக்கிச் சட்டைக்காரன் பெண் என்றால் ரெண்டு பெண்களுக்கும் நல்ல இடம் வரும் என்று அவள் ஆசையெல்லாம் அந்த அட்டையில் இருந்தது.

வேலூருக்குப் போகிறவன் அனுபவக் கடிதாசியும் கொண்டுபோக வேண்டும். இன்னார் என்னிடம் இத்தனை வருஷம் கனரக வண்டி ஓட்டினார் என்று முதலாளி எழுதித் தர வேண்டும். முதலாளி சக்கரவர்த்தி ஆலங்காயத்தில் சிமெண்டுக் கடை வைத்திருக்கிறவர், லாரிக்கும் அவர்தான் சொந்தக்காரர். கடிதாசியை எழுதிக் கையெழுத்தும் போட்டு மேஜை டிராயருக்குள் வைத்துக்கொண்டு அவர் பேசினார்.

"கொன்னைமரத்தூர்ல பள்ளிக்கூடம் கட்றாங்க இல்ல, அங்க எண்பது மூட்ட சிமெண்டு போவணும். எறக்கிட்டு ஊர்க்கவுண்டர்கிட்ட சீட்டுல கைநாட்டு வாங்கிக்கினு வா. சீட்ட குடு, கடுதாசிய எடுத்துக்கினு போ."

"நாளைக்கி எனக்கு இண்டர்வியூங்க மொதலாளி. கிளீனருக்கு வேற ஜொரம்."

"இன்னிக்கிதானடா போவ சொல்றேன்? நாலு மணிக்கெல்லாம் கீழ எறங்கிடுவ. லோடோட திரும்பி வந்தியோ, கடுதாசி இல்ல. சொல்ட்டேன்."

முதலாளியிடம் காட்ட முடியாத கோபத்தை வெளியே வந்து டயரிடம் காட்டினான். ஓங்கி ஓர் உதை. டயருக்கு என்ன, அவன் கால்தான் வலித்தது. இவருக்கு எட்டு வருஷம் உழைத்ததற்கு இதுதானா மரியாதை என்று வாய்க்குள் முனகிக்கொண்டே வண்டியை மலைக்கு விட்டான்.

பாதி மலை ஏறியிருப்பான். எதிரே ஐந்தாறு பேர் சட்டியும் கரண்டியும் சுமந்துகொண்டு இறங்கி வந்தார்கள். பள்ளிக்கூட வேலை செய்கிற கொத்தனார் கூட்டம், எல்லோரும் கீழ்நாட்டு ஆட்கள். முன்னால் வந்த மேஸ்திரி கோபால்சாமி நடுரோட்டில் நின்று கையை ஆட்டினார்.

"சிங்காரம், இன்னிக்கிப் போவாதப்பா. சாயங்காலம் அங்க மாரியாத்தாளுக்குக் காப்பு கட்றாங்க. மூட்ட எறக்க ஒருத்தன் வரமாட்டான். மாட்டிக்கினா எட்டு நாளு. அதான் நாங்க விடியறதுக்குள்ள மூட்ட முடிச்சு கட்டிக்கினு கெளம்பிட்டோம்."

"ஒடம்பு வணங்கல, அதுக்கு ஆத்தா பேர சொல்றீங்களா? வழிய வுடுய்யா. ஏத்திடப்போறேன்."

கோபால்சாமி அவனுக்கு அப்பன் வயசு. சட்டென்று ஓரம் போய் நின்றார். "உன் வாயாலதான்டா நீ கெட்டுப் போவ" என்றார். அது லாரிச் சத்தத்தில் சிங்காரத்துக்குக் கேட்டது. கேட்டும் ஒரு கெட்ட வார்த்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

காப்பு என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவன் ஊரிலும் மாரியம்மன் இருக்கிறாள். பூசாரி கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் அதுதான் காப்பு. அப்போது ஊருக்குள் இருக்கிறவன் உள்ளூரானோ வெளியூரானோ, திருவிழா முடிகிற எட்டு நாளும் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவன் வீட்டில் அம்மை பூக்கும் என்பது சிங்காரத்தின் ஊர் நம்பிக்கை. அவனுக்கு இருபது வயசிருக்கும்போது ஒரு வளையல்காரர் அப்படி வந்து மாட்டிக்கொண்டார். வீட்டில் விசேஷம், விட்டுவிடுங்கள் சாமி என்று அழாத குறையாகக் கெஞ்சினார். தடியும் கையுமாக எல்லையில் நின்று அவரை எட்டு நாளும் விடாமல் மறித்த இளவட்டங்களில் சிங்காரமும் ஒருத்தன். ஆகவே சாயங்காலத்துக்குள் இறக்கிப் போட்டுவிட்டு எல்லையைக் கடந்துவிட வேண்டும், அவ்வளவுதானே என்று ஆக்சிலேட்டரை மிதித்தான்.

ஜமுனாமரத்தூர் ரோட்டிலிருந்து பிரிகிற மண் பாதையில் நாலு மைல் குலுங்கிக் குலுங்கிக் கொன்னைமரத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. ஊரே கோயிலடியில் இருந்தது. பெண்கள் சாணி கரைத்துத் தரையை மெழுகினார்கள், ஆண்கள் வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். பள்ளிக்கூடம் பாதிச் சுவரோடு நின்றது, அதற்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. சிமெண்டை அதற்குள்தான் அடுக்க வேண்டும். சிங்காரம் வண்டியைக் கொட்டகை முன்னால் நிறுத்தி ஹாரனை அடித்தான். ஒருத்தரும் திரும்பவில்லை. உடனே அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. வைத்த கையை எடுக்காமல் அழுத்தினான். கோயிலடியில் இருந்த குழந்தைகள் அழுதன.

ஊர்க்கவுண்டர் மாதையன் கையில் ஒட்டிய மஞ்சளைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஒல்லியான ஆள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

"கோயில் வேல நடக்குது. எதுக்கு இப்பிடி அலற வுடற?"

"எறக்க ஆள அனுப்புய்யா. நான் போவணும்."

"இன்னிக்கி யாரும் பாரம் தூக்கக் கூடாது, எல்லாரும் வெரதம். அதத்தான் மேஸ்திரிகிட்ட சொல்லி வுட்டேன். உன்கிட்ட சொல்லலியா?"

"சொன்னாரு சொன்னாரு. சோம்பேறிக் கூட்டத்துக்கு எந்தச் சாக்கு கெடைக்கும்னுதான இருப்பீங்க."

மாதையன் முகம் சுண்டிப்போனது. சுற்றி நின்ற ரெண்டு மூன்று பேர் வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு ஓர் எட்டு முன்னால் வந்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவசரம்னா நீயே எறக்கி வை. எண்பது மூட்டதான, ஒடம்புல தெம்பு இருக்குது. எறக்கி வெச்சினா சீட்டுல நாட்டு வெக்கறேன். ஆனா பொழுது சாயறப்போ பம்ப மோளம் அடிப்பாங்க, காப்பு கட்டிடுவாங்க. அதுக்கு முன்ன கெளம்பிடு."

"நானா? டிரைவர் மூட்டையத் தொடுவானா? யாரப் பாத்து இன்னா பேச்சு பேசற?"

இந்த இடத்தில் சிங்காரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் பிறக்கும்போதே ஸ்டியரிங்கோடு பிறக்கவில்லை. ஒன்பது வருஷம் ஆலங்காயத்தில் மூட்டை தூக்கினவன். முதுகுத் தோல் உரிந்து, சிமெண்டு பட்டுப் பொத்துப்போய், குப்புறப் படுத்துத் தூங்கினவன். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று ஏரிக்கரையில் நின்று, இனி செத்தாலும் முதுகில் ஒரு மூட்டை ஏறாது என்று சத்தியம் செய்தான். டிரைவர்களுக்குள் அது ஒரு கௌரவமும்கூட. லோடு ஏறும்போதும் இறங்கும்போதும் டிரைவர் ஸ்டியரிங்கில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பீடி குடிக்க வேண்டும். மூட்டையில் கை வைத்தால் நாளைக்கு எவன் மதிப்பான்?

ஆகவே காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சிமெண்டு இவர்கள் பள்ளிக்கூடத்துக்குத்தானே, வந்துதானே ஆக வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தான். ரெண்டு மணி ஆனது. மூன்று ஆனது. நடுநடுவே ஹாரனை அடித்தான். போகிற வருகிறவர்களை ஏசினான். அவர்களும் ஆளுக்கு ஒரு முறை நின்று அவனை முறைத்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போனார்கள். கருமேகம் மேற்கே கட்டிக்கொண்டு நின்றது. நாலு மணிக்குக் கோயில் பக்கம் பம்பைக்காரர்கள் தோலைத் தீயில் காட்டி முறுக்கேற்ற ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அவன் ஸ்டியரிங்கிலிருந்து காலை இறக்கினான். லோடோடு திரும்பினால் கடிதாசி இல்லை. திரும்பாவிட்டால் இண்டர்வியூவே இல்லை. அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு சட்டையைக் கழற்றி வண்டிக்குள் போட்டான், தலையில் துண்டைக் கட்டினான், பின்கதவை இறக்கினான், எட்டு வருஷத்துக்குப் பிறகு முதல் மூட்டையை முதுகில் வாங்கினான். அவமானத்தில் அவனுக்குக் கண் எரிந்தது. சிமெண்டுத் தூசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஊர் வேடிக்கை பார்த்தது. வேலை முடிந்தவர்கள் எல்லாம் கொட்டகை எதிரில் வந்து நின்றுகொண்டார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, அப்படியே நின்று பார்த்தார்கள். சிரித்திருந்தாலாவது திட்டியிருக்கலாம். இருபது மூட்டைக்கு மேல் தொடை நடுங்கியது. நாற்பதில் மூச்சு வாங்கி உட்கார்ந்தான். குடிக்கத் தண்ணீர் கேட்கத் தோன்றியது, இந்த மூஞ்சிகளிடமா என்று கேட்கவில்லை. "இன்னாடா பாக்கறீங்க? உங்க அப்பன் வூட்டு மூட்டையாடா இது?" என்று கத்திவிட்டு எழுந்து நாற்பத்தொன்றாவதைத் தூக்கினான்.

இன்னும் பதினான்கு மூட்டை இருக்கும்போது பம்பை அடித்தது.

எதிரில் நின்ற கூட்டம் மொத்தமும் கோயிலுக்கு ஓடியது. குலவைச் சத்தம் எழுந்தது. சிங்காரம் மூட்டையை முதுகில் வைத்தபடி நின்றான். அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்திருக்கலாம். எல்லை அரை மைல்கூட இல்லை. ஆனால் சீட்டில் கைநாட்டு இல்லையே. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக மிச்சத்தையும் இறக்கினான். எண்பதாவது மூட்டையை அடுக்கும்போது கோயிலில் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாதையன் கையில் புது மஞ்சள் கயிற்றோடு வந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார், சொன்ன சொல் மாறாமல் சீட்டில் கட்டைவிரலை அழுத்திக் கொடுத்தார்.

சிங்காரம் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வண்டியில் ஏறி, வேர்வையும் தூசியுமான உடம்பில் சட்டையை மாட்டினான். வண்டி முன்னால் பதினைந்து இருபது பேர் நின்றார்கள்.

"வழிய வுடுங்கடா."

"காப்பு கட்டியாச்சு" என்றார் மாதையன். "காப்பு கட்டறப்போ ஊருக்குள்ள இருந்தவன் ராத்திரி இங்கதான் படுக்கணும். ஒனக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"எட்டு நாளும் நான் இங்கியே கெடந்து சாவணுமா? நாளைக்கிப் பத்து மணிக்கி வேலூர்ல எனக்கு இண்டர்வியூ! கவர்மெண்டு வேல! அது போச்சின்னா என் பொண்டாட்டி புள்ளைங்க வாயில மண்ணு!"

"டிரைவரே, நான் சொல்றத செத்த கேளு..."

"இன்னாத்தடா கேக்கறது? எறக்க ஒருத்தன் வரல, இப்ப மறிக்கறதுக்கு மட்டும் ஊரே வருதா? உங்க ஆத்தாளா எனக்குச் சோறு போடப்போறா? அவ ஒரு..."

அதற்கு மேல் அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. மாரியாத்தாளைச் சொன்னான். காப்பு கட்டி ஒரு நாழிகை ஆகவில்லை, அவள் கோயிலைப் பார்த்தபடி சொன்னான். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சடையன் என்கிற முரட்டு ஆள் மட்டும் பாய்ந்து வந்து அவன் முழங்கையைப் பிடித்து வண்டியிலிருந்து கீழே இழுத்தான். சிங்காரம் தரையில் விழுந்தான். மாதையன் நடுவில் புகுந்து சடையனை விலக்கினார்.

"அடிக்காத. வெரதத்துல கை நீட்டக் கூடாது" என்றார். பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னார்: "இவன்கிட்ட யாரும் வாய் குடுக்காதீங்க. பேச்சு வேணாம், ஏச்சு வேணாம். ராத்திரி வண்டிய எடுக்காத மாரி கல்லு மட்டும் வைங்க."

ஆறு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் பாறைக்கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

கல் என்ன பெரிய கல்! கடப்பாறை வண்டியில் இருந்தது. எண்பது மூட்டை இறக்கினவனுக்குப் பன்னிரண்டு கல் பெரிசா? புரட்டித் தள்ளிவிட்டு இருட்டோடு இருட்டாக இறங்கியிருப்பான். கடப்பாறையை எடுக்கக்கூடச் செய்தான். எடுத்தவன் கை அங்கேயே நின்றது. பங்குனியில் சின்னவளுக்கு அம்மை போட்டிருந்தது. பதினோரு நாள் வேப்பிலையில் கிடந்து, கண் திறக்காமல் கிடந்து, பிழைத்ததே மறுபிறப்பு. காப்பு கட்டின ஊர் எல்லையைத் தாண்டினவன் வீட்டுக்கு மாரியாத்தாள் மறுபடியும் வந்தால்? ஆத்தாளை வாய்க்கு வந்தபடி பேசினவனுக்கு, ஆத்தாள் என்றால் உயிர் நடுக்கம். வாய் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கடப்பாறையைப் போட்டுவிட்டு வண்டிக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான்.

இருட்டுகிற நேரத்தில் சடையனின் பெண்டாட்டி அம்மாக்கண்ணு வந்தாள். ஊர்க்கவுண்டர் பேச வேண்டாம் என்றுதான் சொன்னார், பட்டினி போடச் சொல்லவில்லை என்று அவளுக்கு நினைப்பு. தட்டில் களியும் கீரையும் இருந்தன. ஜன்னலுக்குக் கீழே நின்று, "அண்ணே" என்றாள்.

"போடி அந்தாண்ட! இன்னா கலந்து எடுத்துக்கினு வந்திருக்கற?"

அவள் வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். தட்டை வண்டியின் படியில் வைத்தாள். "கலக்கறதுக்கு உன் புத்தி எங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் தட்டைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் நாய் ஒன்று வந்து தின்றுவிட்டுப் போனது.

ராத்திரி மழை பெய்தது. முதுகு எரிந்தது, தோள்பட்டை ரெண்டும் கழன்றுவிடும்போல் வலித்தது. முதலாளியைத் திட்டினான், காய்ச்சலில் படுத்த கிளீனரைத் திட்டினான், இந்த ஊரைப் பெயர் பெயராகத் திட்டினான். எட்டு நாள் கழித்து வேலூருக்குப் போய் என்ன செய்ய? பூங்கோதைக்கு என்ன பதில் சொல்ல? அவள் இன்றைக்கே அவன் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் திட்டுவதை நிறுத்தினான். சீட்டில் சுருண்டு படுத்து, தார்ப்பாய்த் துண்டை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

கோழி கூவுகிற நேரத்தில் வண்டிக்கு அடியில் சத்தம் கேட்டது. யாரோ கல்லைப் புரட்டுகிறார்கள். ஒரு கல், ரெண்டாவது கல், மூன்றாவது கல். அடப்பாவிகளா, வைத்தது போதாதென்று இன்னும் கொண்டுவந்து அடுக்குகிறார்களா? எழுந்து பார்க்க உடம்பில் தெம்பில்லை. வாயில் மட்டும் தெம்பு இருந்தது. படுத்தபடியே, தார்ப்பாயை விலக்காமலே, கல்லைப் புரட்டுகிறவன் யாராக இருந்தாலும் அவனைப் பெற்றவளிலிருந்து ஆரம்பித்தான். சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடியும் கல் புரண்டது. எல்லாம் முடிந்து காலடிச் சத்தம் விலகிப் போகிற வரைக்கும் விடாமல் திட்டினான். திட்டின களைப்பில் தூங்கிவிட்டான். எண்பது மூட்டைக் களைப்பும் சேர்ந்துகொண்டது.

முகத்தில் வெயில் சுட்டபோதுதான் கண் விழித்தான். கைக்கடிகாரத்தில் எட்டே கால். ஒன்றுக்குப் போகலாம் என்று கதவைத் திறந்து இறங்கினான்.

சக்கரத்தடியில் கல் இல்லை.

முன் சக்கரத்தைப் பார்த்தான். பின் சக்கரங்களைப் பார்த்தான். சுற்றி வந்து அந்தப் பக்கம் பார்த்தான். பன்னிரண்டு கல்லும் பாதையோரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வண்டி முன்னால் பாதை வெறிச்சென்று கிடந்தது, ஒரு வேப்பிலைக் கொத்துகூடக் குறுக்கே கட்டவில்லை. என்ன சூழ்ச்சி இது என்று அவன் திகைத்து நிற்கும்போது, சடையன் வெள்ளை வேட்டியும் தலையில் காலிக் கூடையுமாக அந்தப் பக்கம் வந்தான். வண்டியையும் அவனையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாய்யா, இன்னும் நீ போவலியா?"

"போறதா?" சிங்காரம் பாதையைத் திரும்பிப் பார்த்தான். "எங்க போறது?"

"வேலூர்ல வேலைக்கிப் போவணும்னு ஊரு கேக்கக் கத்தினியே. அஞ்சு மணிக்குக் கெளம்பினா பத்துக்குப் போய்டுவன்னு கவுண்டர் சொன்னாரு. அதுக்குத்தான் கோழி கூவ சொல்லொ என்ன எழுப்பி அனுப்பிச்சி, கல்ல எடுக்கச் சொன்னாரு."

"காப்பு கட்டியாச்சே. எட்டு நாளு எல்லையத் தாண்டக் கூடாதே."

"யாரு சொன்னது? அது உங்க ஊர்ல இருக்கும். இங்க ராத்திரி மட்டும் வந்து படுத்துடணும், அவ்ளோதான். பகல்ல யாரு எங்க போனா இன்னா? நான் இப்ப ஆலங்காயத்துக்குத்தான் போறேன், பூவும் கற்பூரமும் வாங்கணும். பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடுவேன்."

சிங்காரம் வண்டியின் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டான். "ஏன்டா சொல்லல? ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியா?" என்றான் சடையன். அவன் குரலில் கோபம்கூட இல்லை. "கவுண்டரு சொல்ல வந்தாரு, ஆத்தாள இழுத்த. என் பொஞ்சாதி சொல்லலாம்னு வந்தா, வெரட்டின. கல்லெடுக்க வந்த என்கிட்ட என்னப் பெத்த ஆத்தாள இழுத்த. செத்துப்போய் நாலு வருசம் ஆவுது அவ. அப்பியும் எல்லாக் கல்லையும் எடுத்துட்டுத்தான் போனேன், வெரதமாச்சேன்னு. வண்டி கெளம்பற சத்தம் கேக்கலியேன்னு பாத்தேன். செரி, தூங்கறான், தூங்கட்டும்னு வுட்டுட்டேன்."

சிங்காரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு இருபது. மண் பாதைக்கு அரை மணி, மலை இறங்க ஒன்றரை மணி, கடிதாசி வாங்கிக்கொண்டு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர். இறக்கை கட்டிப் பறந்தாலும் மதியத்துக்கு முன்னால் முடியாது. எத்தனை தடவை எண்ணினாலும் அதேதான் வந்தது.

சடையன் கேட்காமலே மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தான். கூடையை உள்ளே வைத்து ஏறி உட்கார்ந்தான்.

"வா, எடு வண்டிய. ஆலங்காயத்துல எறக்கி வுட்டுட்டு உன் வேலையப் பாரு. சாயங்காலம் அங்கியே நிக்கறேன், திரும்பி வர சொல்லொ ஏத்திக்கோ" என்றான்.

"திரும்பியா?"

"நேத்து ராத்திரி இங்க படுத்துட்ட இல்ல? இன்னும் ஏழு ராத்திரி வந்து படுக்கணும். வரலன்னா எங்களுக்கு ஒண்ணும் இல்ல, உனக்குத்தான்."

சிங்காரம் ஏறி உட்கார்ந்தான். பையிலிருந்த அட்டை வேர்வையில் ஊறி, சிமெண்டுத் தூசி அப்பி, ஓரத்தில் இறுகிப்போய் இருந்தது. அதில் கடைசி வரி மட்டும் நன்றாகத் தெரிந்தது. பத்து மணிக்குப் பெயர் வாசிக்கப்படும், மூன்று முறை கூப்பிட்டும் வராதவர்கள் மறுபடியும் அழைக்கப்பட மாட்டார்கள் என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்து முடித்துவிட்டு அவன் வண்டியை எடுத்தான்.